இயங்காத நிலையில்

அலுவலகத்தில் அவளுக்கு ரூல்ஸக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது பெரிய பைலட்டுகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். விமானக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அவள் மேஜை. மேஜைமேல் தலையணை கனத்தில் ஒரு கையேடு. அரசாங்கத்திடமிருந்து வரும் விதிகளைக் கம்பெனிக்குத் தகுந்தபடி அந்தக் கையேட்டில் எழுதி ஏற்றுவதும், "இந்த வரிக்கு என்னக்கா அர்த்தம்?" என்று யார் கேட்டாலும் சொல்வதும் அவள் வேலை. பதினெட்டு வருடமாக இதே வேலை, இதே நாற்காலி. நாற்காலிக்குத்தான் இரண்டு முறை மெத்தை மாற்றியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் காலை ஐந்து மணி ஷிப்ட். வீட்டில் ஏற்கெனவே பரபரப்பு. அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். விசில் ஊதியே பழகியவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க விசில் இல்லாமலே வீட்டை விரட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி துடைத்தாயிற்று, திரைச்சீலை துவைத்தாயிற்று, அலமாரிக்குப் பின்னால் நாலு வருடமாகக் குடியிருந்த தூசியைக்கூட வெளியேற்றியாயிற்று. காரணம், அவருடைய அக்கா வருகிறார். ஒரு மாதம் தங்கப் போகிறார்.

அக்கா பத்திரம் எழுதுகிறவர். வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், உயில், பாகப்பிரிவினை என்று இருபத்தெட்டு வருடமாக எழுதித் தள்ளியவர். அவருடைய ஆபீஸ் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்கள் என்று ஒரு மாதம் விடுமுறை கிடைத்திருந்தது. கல்யாணமான புதிதில், முதல் தடவை இவர்கள் வீட்டுக்கு வந்தபோது, நாத்தனார் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்து மூன்று தப்புகளைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து ரூல்ஸக்காவுக்கு அவரைப் பார்த்தால் ஒரு பயம். மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்வாள். நாத்தனாருக்கோ இவள் ஏதோ விமான ஆபீசில் டைப் அடிக்கிறாள் என்ற எண்ணம். இவளும் அதைத் திருத்தப் போகவில்லை. வருடத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் பார்க்கிற மனுஷியிடம் போய், ரன்வேயில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் விமானம் இறங்கலாம் என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது?

நாத்தனார் வரும் விமானம் ஏழேகாலுக்கு இறங்க வேண்டும். ஆறரைக்கு மூடுபனி வந்தது.

வானிலைக்காரர்கள் சொல்லாத பனி. ரன்வேயின் ஒரு முனையில் ஏரி இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல எழுந்து, புல்வெளிமேல் பால் ஊற்றின மாதிரி பரவியது. ரன்வே ஓரமாக மீட்டர் என்று சொல்லும் மூன்று அளவுக் கருவிகள் உண்டு: விமானச் சக்கரம் தரையைத் தொடும் ஏரிப் பக்கத்துத் தொடுமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒவ்வொன்றும் தன் இடத்தில் எத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று நிமிடத்துக்கு நிமிடம் எண் சொல்லும். டவர் அதை அப்படியே பைலட்டுக்கு வாசிக்கும். இவர்களுடைய விமானம் இறங்கத் தொடுமுனை மீட்டரில் குறைந்தது ஐந்நூற்று ஐம்பது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கவே கூடாது.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு டவர் வாசித்தது: தொடுமுனை இருநூற்று எழுபத்தைந்து. நடு அறுநூற்று ஐம்பது. கடைசி எழுநூறு.

"என்னக்கா இது, ஒண்ணு மட்டும் தனி ராகம் பாடுது?" என்றான் டியூட்டி ஆபீசர். முப்பது வயது இருக்கும். நல்ல பையன்தான், ஆனால் எதிலும் அவசரம். "நடுவுல அறுநூத்தி அம்பது இருக்கு. அங்கேருந்து ஒரு கிலோமீட்டர்ல பாதிக்கும் மேல குறையுமா? மீட்டர் ஏதோ உளறுது."

"ஏரிப் பக்கம்ப்பா. குறையலாம்."

"அதுக்காக இவ்வளவா?"

அவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பு இன்னொன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. "இதை முதல்ல கேட்டுக்கோ. அந்த பிளைட்ல என் நாத்தனார் வர்றாங்க. பின்னாடி யாரும் ஒண்ணு சொல்லக் கூடாது. லாக் புக்ல எழுதிக்கோ."

அவன் பேனாவை எடுத்தான். "என்னன்னுக்கா எழுதறது? நாத்தனார் இருக்காங்க, சீக்கிரம் இறக்கணும்னா, இறக்கக் கூடாதுன்னா?"

"இருக்காங்கன்னு மட்டும் எழுது!"

விமானம் மேலே வட்டமடிக்க ஆரம்பித்தது. அதன் பைலட் கம்பெனி ரேடியோவில் வந்தார். குரலில் பதற்றமே இல்லை. "கீழே ரன்வே பளிச்சுன்னு தெரியுது. லைட்டுகூட எண்ணிடலாம். தொடுமுனை மீட்டர் சரியா இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. ஏழு நாற்பது வரைக்கும் எங்களால சுத்த முடியும். அதுக்கு மேல எரிபொருள் கணக்கு உதைக்கும். பக்கத்து ஏர்போர்ட்டுக்குப் போயிடுவோம்."

மேலேயிருந்து தெரிவது வேறு, சரிந்து இறங்கும்போது தெரிவது வேறு. அது அவளுக்கும் தெரியும், அந்தப் பைலட்டுக்கும் தெரியும். மெல்லிய துணியை விரித்து நேராகப் பார்த்தால் மறுபக்கம் தெரிகிறது. அதையே ஓரத்திலிருந்து நீளவாக்கில் பார்த்தால் துணி மட்டும்தான் தெரியும். ஆனாலும் "பளிச்" என்ற அந்த ஒரு வார்த்தை அறையில் எல்லாருடைய காதிலும் தேனாகப் பாய்ந்துவிட்டது. டியூட்டி ஆபீசர் பாதி எழுந்தே நின்றுவிட்டான்.

அப்போதுதான் பெரிய கேப்டன் போனில் வந்தார். கம்பெனியின் தலைமைப் பைலட். வீட்டிலிருந்து பேசினார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"அம்மா, எட்டாம் பிரிவுல ஒரு வரி இருக்குமே? தொடுமுனை மீட்டர் இயங்காத நிலையில், அதற்குப் பதிலாக நடு மீட்டரின் அளவை எடுத்துக்கொள்ளலாம்னு. இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்ப எடுத்துக்க வேண்டியதுதானே? நடுவுல அறுநூத்தி அம்பது. வேலை முடிஞ்சுது."

"இயங்காத நிலையில்னு இருக்கு சார். மீட்டர் இயங்குதே. எண் சொல்லுதே."

"தப்பா சொல்லுது! தப்பா ஓடற கடிகாரம் ஓடற கடிகாரமா? இயங்காதன்னா சரியா இயங்காதன்னுதான் அர்த்தம். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"தப்புன்னு நமக்கு எப்படி சார் தெரியும்? தோணுது, அவ்வளவுதான்."

அவர் குரலைத் தணித்து, "ஏம்மா, அந்த வரியை எழுதினதே நீதானே? நீ என்ன நினைச்சு எழுதினியோ அதையே சொல்லிடு, நான் ஒத்துக்கறேன்" என்றார்.

அந்த வரி அவள் எழுதியதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எழுதியது. அப்போது என்ன நினைத்தாள்? மீட்டர் செத்துப்போய், எண்ணே வராமல் போவதைத்தான் நினைத்தாள். உயிரோடு இருந்துகொண்டு சந்தேகம் கிளப்புகிற மீட்டர் ஒன்று வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. அவர் சொல்கிற அர்த்தமும் அந்த வார்த்தைக்குள் உட்காரத்தான் செய்தது. இவள் சொல்கிற அர்த்தமும் உட்கார்ந்தது. இரண்டு பேருக்கு இடமிருக்கிற நாற்காலியை அவளே செய்து போட்டிருந்தாள்.

"நான் என்ன நினைச்சேங்கிறது கையேட்டுல இல்ல சார்" என்றாள். "ரெண்டு அர்த்தம் வருதுன்னா, இந்த நிமிஷத்துக்கு இறங்காம இருக்கிற அர்த்தத்தைத்தான் நான் சொல்ல முடியும். மீட்டர் பழுதுன்னு ஏர்போர்ட் கருவிப் பிரிவு சொல்லட்டும். சொன்ன அடுத்த நொடி நடு மீட்டரை எடுத்துக்கலாம்னு நானே கையெழுத்துப் போடறேன்."

"ஏழு நாற்பதுக்குள்ள சொல்லுவாங்களா?"

"தெரியாது சார். இன்னொரு விஷயம், அந்த பிளைட்ல என் நாத்தனார் இருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. "நாத்தனார் வர்றதை இப்படியும் தடுக்கலாம்னு என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுதோ, என் தங்கச்சி ஊர் எல்லையையே மிதிக்க முடியாது" என்றார். பிறகு, "சரிம்மா. கருவிப் பிரிவைக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார். கோபமாக வைத்தாரா, சாதாரணமாக வைத்தாரா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

விமான நிலையத்தின் கருவிப் பிரிவில் அன்றைக்கு இருந்தவரை எல்லாரும் மீட்டர்காரர் என்பார்கள். பேச்சைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர். அவள் விஷயத்தைச் சொன்னதும், "போய்ப் பாக்கறேன்" என்றார். ரன்வே ஓரமாகப் போக டவரிடம் அனுமதி வாங்க வேண்டும். பனியில் வண்டி ஆமை வேகத்தில்தான் போகும். ஏழு இருபத்தைந்துக்குத்தான் அனுமதி கிடைத்தது. டியூட்டி ஆபீசர் நகத்தைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்துக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். ரூல்ஸக்கா நடக்கவில்லை. கையேட்டில் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க அந்த வரி இன்னும் மோசமாகத் தெரிந்தது.

அவள் ஒரு தடவை எழுந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னலருகே போனாள். பனி எட்டாத கார் நிறுத்துமிடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் தன் காரின் கண்ணாடியைத் துடைத்தபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டான். அந்த வெயிலைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஏழு முப்பத்தாறுக்கு மீட்டர்காரர் போன் செய்தார்.

"சிலந்தி" என்றார்.

"என்னது?"

"மீட்டரோட விளக்குக் கூண்டு வாய்ல வலை பின்னியிருக்கு. வலை பூரா பனித்துளி. வெளிச்சத்தை மறைச்சிருக்கு. துடைச்சிட்டேன்."

"அக்கா!" என்று டியூட்டி ஆபீசர் கத்தியேவிட்டான். "நான்தான் அப்பவே சொன்னேனே, உளறுதுன்னு!"

அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள். "இப்ப எவ்வளவு காட்டுது?"

"ஒரு நிமிஷம் ஆகும் நிலைக்க." போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாக நீண்டது. "நானூறு."

"நானூறா?"

"நானூறு. கண்ணுக்கும் அப்படித்தான் தெரியுது. இங்க நிக்கற எனக்கு என் வண்டியே மங்கலாத்தான் இருக்கு. மீட்டர் இப்ப சரி."

ஆக, மீட்டர் பொய் சொன்னது. ஆனால் பாதிப் பொய்தான். வலை இல்லாவிட்டாலும் பனி இருந்தது. ஐந்நூற்று ஐம்பது கேட்கிற இடத்தில் நானூறு. டியூட்டி ஆபீசர் மெதுவாக உட்கார்ந்தான். நடு மீட்டரை நம்பி இறக்கியிருந்தால், பைலட் ஆயிரம் அடிக்குக் கீழே வந்த பிறகுதான் ஏரிப் பக்கத்துப் பஞ்சுக்குள் மூக்கை நுழைத்திருப்பார். அனேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. ரன்வே தெரியவில்லை என்று மறுபடி மேலே கிளப்பியிருப்பார். ஆனால் எரிபொருளும் போய், மனசும் கலங்கிப்போய்க் கிளப்பியிருப்பார்.

ஏழு நாற்பதுக்கு விமானம் பக்கத்து ஏர்போர்ட்டை நோக்கித் திரும்பியது.

எட்டு ஐந்துக்கு, யாரோ போர்வையை உருவின மாதிரி, பனி மொத்தமாக விலகியது. தொடுமுனை இரண்டாயிரம். ஏரி தகதகவென்று மின்னியது. அறையில் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மரியாதை பத்து நிமிடம் நீடித்தது. பிறகு ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா, ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் நாத்தனாரைப் பொறுத்துக்க முடியலையா?" என்று டீ கொண்டுவந்தவர் முதற்கொண்டு கேட்டார்கள். அவளும் சிரித்து வைத்தாள். தப்புச் செய்யவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம் இருந்தது. தப்பான வரியை எழுதியவள் நானே என்ற உறுத்தல் இன்னொரு பக்கம், செருப்புக்குள் போன மணல் மாதிரி இருந்தது.

கணவருக்குப் போன் செய்து விவரம் சொன்னாள்.

"அக்காவைத் திருப்பி அனுப்பிட்டியா?" என்றார் அவர்.

"திருப்பி அனுப்பல. எரிபொருள் போட்டுக்கிட்டுப் பதினோரு மணிக்கு வந்துடும்."

"நீதான்னு சொல்லட்டுமா, வேண்டாமா?"

"நீங்க வாயைத் திறக்காதீங்க."

ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. நாத்தனார் குளித்து உடை மாற்றி, சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பயணக் களைப்பு கொஞ்சமும் இல்லை. முகம் ஜொலித்தது. சண்டைக்குத் தயாரான முகம் என்றே அவளுக்குப் பட்டது.

"வாங்க அண்ணி. பிரயாணம் ரொம்ப சிரமமாயிடுச்சா?"

"சிரமமா? வாழ்க்கையில இப்படி ஒரு காலை எனக்கு வந்ததே இல்ல" என்றார் நாத்தனார். "மேலேருந்து பாக்கறேன், ஊர் தெரியுது, ரோடு தெரியுது, நம்ம வீட்டு மொட்டை மாடிகூடத் தெரிஞ்சிருக்கும் போல. ஆனா இறங்க மாட்டேங்கறான். அப்படியே திருப்பிக்கிட்டு இன்னொரு ஊருக்குப் போயிட்டான். அங்க ரெண்டு மணி நேரம் கதவைத் திறந்து வெச்சு உக்கார வெச்சாங்க. எல்லாரும் கூச்சல். நான் மட்டும் நேரா பைலட்கிட்ட போய்க் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?" என்றார் கணவர். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஏன் இறக்கலன்னு கேட்டேன். பாவம், நல்ல மாதிரி. விவரமா சொன்னார். ஏதோ மூணு மீட்டராம். ஒண்ணு சந்தேகமாம். நடு மீட்டரை வெச்சு இறக்கலாம்னு ஒரு விதி இருக்காம். ஆனா அவங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காளாம், விதிப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு. அவ முடியாதுன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டாளாம். தலைமைப் பைலட்டே சொல்லியும் மசியலையாம்!"

கணவருக்குப் புரையேறியது. அவர் இருமிக்கொண்டே தண்ணீரைத் தேட, ரூல்ஸக்கா டம்ளரை எடுத்து அவர் கையில் திணித்தாள். திணித்த வேகத்தில் பாதித் தண்ணீர் மேஜைமேல்.

"யாருடா அந்த அம்மா, உனக்குத் தெரியுமா?" என்று தம்பியைக் கேட்டார் நாத்தனார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "நீயும் அந்த ஆபீஸ்தானேம்மா? உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

மேஜையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தபடி அவள் சொன்னாள்: "நான்தான் அண்ணி."

"எது நான்தான்?"

"அந்த அம்மா."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். "நீ டைப் அடிக்கிறேன்னு சொன்னே?"

"நான் சொல்லல அண்ணி. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."

"அவன் சொல்லியிருக்கலாமே!"

"என்னை ஏன் இழுக்கறே?" என்றார் கணவர், இருமலுக்கு நடுவே.

நாத்தனார் கையைக் கழுவிவிட்டு வந்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்த அந்தப் பழைய முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அந்த வரி இருக்கில்ல, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா. பைலட் வாயால சொன்னார். எனக்கு எழுத்துல பாக்கணும்."

அவள் மடிக்கணினியைத் திறந்து எட்டாம் பிரிவைக் காட்டினாள். நாத்தனார் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை உதட்டை அசைத்துப் படித்தார்.

"இதை எழுதினவனைக் கூப்பிட்டு ரெண்டு சாத்து சாத்தணும்."

"அதுவும் நான்தான் அண்ணி."

இப்போது கணவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டார். ஆனால் நாத்தனார் சிரித்தார். கோணல் சிரிப்பு இல்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார். "சரி, எழுதினவளே மாட்டிக்கிட்டா. கேளு. இயங்காத நிலையில்னு போட்டிருக்கே. இயங்கலன்னு யாரு சொல்லணும்? பைலட்டா? டவரா? நீயா? ஆளே இல்லையே இந்த வாக்கியத்துல! பத்திரத்துல இப்படி ஆள் இல்லாம ஒரு வரி எழுதினேன்னு வெச்சுக்கோ, ரெண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அந்த வரியை எத்தனை தடவை பார்த்தாள்! 'இயங்காத' என்ற சொல்லையே நோண்டிக்கொண்டிருந்தாளே தவிர, அதைச் சொல்ல ஆள் இல்லை என்பது கண்ணில் படவில்லை. பெரிய கேப்டன் ஒரு அர்த்தம் சொன்னார், தான் ஒரு அர்த்தம் சொன்னாள். இரண்டு பேருக்குமே அந்த உரிமையை விதி கொடுத்திருக்கவில்லை.

"கருவிப் பிரிவுதான் சொல்லணும் அண்ணி. காலையில அதைத்தான் போன்ல சொன்னேன்."

"போன்ல சொன்னே. எழுத்துல எங்க சொன்னே?"

"சொல்லல."

"அதான் பாரு. நீ செஞ்சது சரி. எழுதினதுதான் சரியில்ல." நாத்தனார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பேப்பர் பென்சில் இருக்கா? எனக்குத் திரையில யோசனை ஓடாது."

அவள் காகிதம் கொண்டுவந்தாள். நாத்தனார் அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்தில் எழுதினார்: தொடுமுனை மீட்டர் பழுது என்று விமான நிலையத்தின் கருவிப் பிரிவு அறிவித்த பிறகு, அதற்குப் பதிலாக நடு மீட்டரின் எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

"எப்படி?" என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

ரூல்ஸக்கா படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ இடித்தது. மறுபடி படித்தாள். நாத்தனாரிடம் போய்த் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினாள். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"'மட்டுமே' தப்பான இடத்துல உக்காந்திருக்கு அண்ணி."

"எது?"

"நடு மீட்டரின் எண்ணை மட்டுமேன்னு போட்டா, கடைசி மீட்டரைப் பார்க்கவே வேண்டாம்னு ஆயிடும். அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு. இறங்கின விமானம் ஓடி நிக்கிற இடம் அது. 'மட்டுமே', 'அறிவித்த பிறகு'க்குப் பக்கத்துல வரணும்."

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "அறிவித்த பிறகு மட்டுமே" என்று முணுமுணுத்தார். பிறகு தன் வார்த்தையைத் தானே அடித்து, அம்புக்குறி போட்டு நகர்த்தினார். "இருபத்தெட்டு வருஷமா எழுதறேன். என் வரியில யாரும் கை வெச்சதில்ல தெரியுமா?"

"மன்னிச்சுக்கங்க அண்ணி."

"மன்னிப்பா? போம்மா. கை வெக்க ஆள் இல்லாமத்தான் நான் போரடிச்சுப் போயிருந்தேன்."

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அறிவிப்பு வரும்வரை என்ன செய்வது என்று நாத்தனார் கேட்டார். டவர் சொல்கிற எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் இவள். "அப்ப அதையும் எழுது. நீ மனசுக்குள்ள வெச்சிருக்கிறதெல்லாம் பைலட்டுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி சேர்த்தார்கள். அதில் 'சந்தேகம் இருந்தாலும்' என்பது வேண்டுமா வேண்டாமா என்று முக்கால் மணி நேரம் சண்டை. நாத்தனார் வேண்டாம் என்றார். சந்தேகம் என்ற வார்த்தையே இன்னொரு சந்தேகத்தைக் கொண்டுவரும் என்பது அவர் கட்சி. காலையில் நாலு பேர் சந்தேகப்பட்டுத்தானே இவ்வளவும் நடந்தது, ஆகவே வேண்டும் என்பது இவள் கட்சி. குரல் உயர்ந்ததைக் கேட்டு, என்னமோ ஏதோ என்று கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே காகிதத்தின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். அவர் சத்தம் காட்டாமல் டீ போடப் போனார்.

கடைசியில் 'சந்தேகம் இருந்தாலும்' உள்ளே வந்தது. அதற்கு ஈடாக நாத்தனார் இரண்டு காற்புள்ளிகளை எடுத்தார்.

திங்கட்கிழமை காலை அவள் அந்தத் திருத்தத்தைப் பெரிய கேப்டனின் மேஜைமேல் வைத்தாள். தொடுமுனை மீட்டர் பழுது என்று விமான நிலையத்தின் கருவிப் பிரிவு அறிவித்த பிறகு மட்டுமே, அதற்குப் பதிலாக நடு மீட்டரின் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பு வரும்வரை சந்தேகம் இருந்தாலும் டவர் சொல்லும் எண்ணே எண்.

அவர் படித்தார். மோவாயைத் தடவினார். "சனிக்கிழமை உன்மேல எனக்குக் கோபம் இருந்தது" என்றார்.

"தெரியும் சார்."

"நானூறுன்னு வந்ததும் போயிடுச்சு. ஆனா ஐந்நூத்தி அறுபதுன்னு வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு ஞாயித்துக்கிழமை பூரா யோசிச்சேன். அப்பவும் நீ சொன்னதுதான் சரியா இருந்திருக்கும். அதை ஒத்துக்கத்தான் ஒரு நாள் ஆச்சு." கையெழுத்துப் போட்டார். மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தார். "இது உன் நடை மாதிரி இல்லையே. 'எண்ணே எண்'ணா? அடிச்சுச் சொல்ற மாதிரி இருக்கே. யார் எழுதினது?"

"பாதி நான் சார். மீதி என் நாத்தனார்."

"திருப்பி அனுப்பினியே, அவங்களா?"

"திருப்பி அனுப்பல சார்!"

அடுத்த வாரமே திருத்தம் எல்லாப் பைலட்டுகளுக்கும் போனது. யாரும் அதற்கு அர்த்தம் கேட்டுப் போன் செய்யவில்லை. அவள் வேலையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவள் போனை இரண்டு தடவை எடுத்து, லைன் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. கையேட்டில் வெளியாள் படிக்கத் தடையில்லாத பகுதிகளை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லி, ஒன்பதாம் பிரிவில் இறங்கிவிட்டார். ஈர ரன்வேயில் பிரேக் பிடிப்பது பற்றிய பிரிவு. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏம்மா, 'போதிய அளவு ஈரம்'னு எழுதியிருக்கியே, யாருக்குப் போதிய?" என்று குரல் வரும். அவள் பையைக்கூட இறக்காமல் நின்றபடியே பதில் சொல்ல ஆரம்பிப்பாள். கட்டடம் முடியக் கூடுதலாக மூன்று வாரம் ஆகும் என்று நாத்தனாரின் ஊரிலிருந்து தகவல் வந்தபோது, "அப்ப பத்தாம் பிரிவையும் பார்த்துடலாம் அண்ணி" என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

கணவர் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். அந்த மாதம் முழுக்க சமையல் அவர் தலையில்தான் விழுந்தது.